மிர்ட்ஸாவின் தலையில் இருந்தது யார் கட்டிய கிரீடம்?

சேசிஸ்,
ஜூன் 24, காலை.

பாசமும் மரியாதையும் நிறைந்த அவுஸ்மா அக்காவுக்கு,

தம்பி எல்மார்ஸ் எழுதிக்கொண்டது. இங்கு நான், ஆறு கோழிகள், உருளைக்கிழங்குச் செடிகள் எல்லோரும் நலம். உன் முழங்காலின் நலமறிய ஆவல். உன் மாடி அறை காலியாக இருக்கிறதா என்றும் அறிய ஆவல். காரணம் கீழே வருகிறது.

வருடா வருடம் இந்த லீகோ கோடைத் திருநாளுக்கு நீ வந்து எல்லோருக்கும் பூக்கிரீடம் கட்டித் தருவாய். இந்த வருடம் முழங்கால் உன்னை விடவில்லை. அதனால் பக்கத்து வீட்டு மிர்ட்ஸாவுக்கு நானே ஒன்று கட்டிக் கொடுப்பது, அதை அவள் தலையில் வைத்துக்கொண்டால் துணிந்து கல்யாணப் பேச்சை எடுப்பது, வைத்துக்கொள்ளாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு உன்னிடம் வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவளுக்குப் புருஷன் போய் ஆறு வருடம், எனக்குப் பெண்டாட்டி போய் ஒன்பது. இனியும் எதற்காகக் காத்திருப்பது?

போனில் நீ சொன்னபடிதான் செய்தேன். மூன்று காம்பைப் பிடி, நான்காவதைச் சுற்று என்றாய். எந்தப் பக்கம் சுற்றுவதென்று சொன்னாயா? டெய்சிப் பூவெல்லாம் தலைகீழாகத் தொங்கின. என் தலையை அளவு வைத்துக் கட்டினேன், கட்டிய பிறகுதான் மிர்ட்ஸாவின் தலை சின்னது என்று உறைத்தது. சுருக்கினால் கோழிக்கூடு மாதிரி ஆனது. கடைசி முடிச்சுக்கு நூல் தீர்ந்துபோய், கையை எடுத்தால் எல்லாம் அவிழும், எடுக்காவிட்டால் நூல் தேட முடியாது என்ற நிலையில், ஒற்றைக் கையால் என் வலது ஷூவின் பழுப்புக் கயிற்றை உருவி இறுக்கிவிட்டேன். பெருமை தாங்காமல் ஒரு நாள் முன்னதாகவே அவள் வாசல் ஆணியில் மாட்டிவிட்டு ஓடி வந்தேன். அன்று பார்த்து வெயில் கொளுத்தித் தள்ளியது, அக்கா.

நேற்று மாலை எல்லோரும் மேட்டில் நெருப்பு மூட்டினோம். மிர்ட்ஸா வந்தாள். தலையில் நீலப்பூக் கிரீடம்! நான் கட்டியதில் நீலப்பூவே கிடையாது. கையில் ஒரு காய்ந்த வளையம். போன வருடத்துக் கிரீடங்களை நெருப்பில் போடும் நேரம் வந்ததும் அதையும் வீசினாள். சடசடவென்று எரிந்தது. வெயிலில் வாடிய என் கிரீடத்தைப் பழசென்று நினைத்துவிட்டாளா? தெரிந்தே போட்டாளா?

"பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்களே எல்மார்ஸ், சீஸ் எடுத்துக்கோங்க" என்றாள்.

"கிரீடம் நல்லாருக்கு. யாரு கட்டுனது?"

"கட்டுனவரே வாயைத் திறக்கட்டும்னு பாக்குறேன்."

தேனீ வளர்க்கும் ஐவார்ஸ் அந்தப் பக்கம் நின்று பல்லைக் காட்டினான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் திரும்பி நடந்ததும், வழக்கம்போல் கேலிப் பாட்டுக்கு ஆள் தேடிய பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்: "ஒத்த ஷூவ இழுத்துக்கிட்டு ஓடுறாரு பாரு, லீகோ லீகோ!" எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது மிர்ட்ஸா. வீட்டுக்கு வந்து அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஆகவே மாடி அறையைச் சுத்தம் செய்து வை. உன் முழங்கால் அடுத்த வருடம் நடனமாட வாழ்த்தி முடிக்கும்,

உன் தம்பி
எல்மார்ஸ்

பின்குறிப்பு: அறையில் கை வைக்காதே. இப்போதுதான் மிர்ட்ஸா வந்து, நேற்றைய கிரீடத்தை மேசைமேல் கவிழ்த்துப் போட்டாள். உட்புறம் என் பழுப்புக் கயிறு! "எரிச்சது போன வருஷத்தது. உங்களது வாடியிருந்துச்சு, வாளித் தண்ணியில போட்டு, சுத்தி முழுக்க நீலப்பூவா சொருகுனேன். ஷூ கயித்துல பூக் கட்டுற ஆளு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? கேப்பீங்க கேப்பீங்கன்னு தலையில வச்சுக்கிட்டே திரிஞ்சேன்!" கேட்டுவிட்டேன், அக்கா. சரி என்றாள். ஆனால் கயிற்றைத் திருப்பித் தரமாட்டாளாம். கல்யாணத்துக்கு வரும்போது ஒரு ஜோடி வாங்கி வா, பழுப்பு நிறம்.