மாமன் பேரில் ஒரு டிராக்டர்

பொங்கலூரில் எங்களுக்கு மூணு ஏக்கர் காடு. அதை உழ எங்கப்பா மாரப்பன் ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். நான் பத்தாவதோட நின்னவ. மூணு ஏக்கருக்கு அது அதிகம்னு எனக்கே தெரிஞ்சுது. ஆளெல்லாம் பனியன் கம்பெனி பஸ் ஏறிப் போயாச்சு, மாட்டையும் வித்தாச்சு, இனி ஊரே நம்ம வண்டியைத்தான் கூப்பிடும், வாடகையிலேயே டீசலும் ரிப்பேரும் தேறிடும் என்றார் அப்பா.

ஊரே கூப்பிட்டுது. ஊரே பங்காளிங்க. பங்காளிகிட்ட வாடகை கேட்டால் அடுத்த கல்யாணத்தில் நமக்கு இலை விழாது. கன்னையன் பெரியப்பா நாலு ஏக்கரை உழுதுக்கிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். அப்பா சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டார்.

ஆடிப்பட்டம் நெருங்கும்போது கிளட்ச் போச்சு. சரி பண்ண அப்பாகிட்ட வழியில்லை. வித்துடலாம்னு அம்மா சொன்னாங்க.

"வண்டியை வித்துப்போட்டு, மழை பெஞ்சா ஈரம் காயறதுக்குள்ள உழறதுக்கு எவன் ஊட்டு வாசல்ல போய் நிக்கறது?"

"அப்ப விக்க வேண்டாமுங்க. எங்கண்ணன் ரிப்பேர் பண்ணி வண்டியை எடுத்துக்கிட்டாருன்னு சொல்லிக்கலாம். மச்சான் வண்டிக்கு வாடகை கேக்க உங்களுக்கென்ன கூச்சம்?"

பேருக்குத்தானே என்று அப்பா தலையாட்டினார். அம்மா சீட்டு எடுத்து கிளட்ச் மாத்தினாங்க. வண்டி முன்னால 'சுப்பண்ணன், நல்லூர்' என்று பெயிண்ட்டும் அடிச்சாச்சு. நல்லூரில் தையல் யூனிட் வச்சிருக்கும் எங்க மாமனுக்கு டிராக்டரில் எந்தப் பக்கம் ஏறறதுன்னே தெரியாது. மழைக்கு முன்னால ஓட்டின உழவுக்குப் பங்காளிங்க முனகிக்கிட்டே அம்மா கையில் வாடகை கொடுத்தாங்க. மாமன் வண்டிக்கு அப்பா டிரைவர்.

மழை பெஞ்சுது. முதல்ல எங்க காடு. அடுத்த முறைக்கு பங்காளிங்க வரப்பில் காத்திருந்தாங்க. அப்பா உழுது முடிச்சு இறங்கினதும் அம்மா கையை நீட்டினாங்க.

"மூணு மணி நேரமுங்க."

அப்பா குரலை இறக்கினார். "குப்பாயி, இது நம்ம காடு."

"காடு நம்முளுது. வண்டி எங்கண்ணனுது." இது வரப்புக்குக் கேட்டது. அடுத்தது அப்பாவுக்கு மட்டும். "பாத்துட்டு நிக்கறாங்க. உங்களுக்குச் சும்மா உட்டா நாளைக்கு அவங்களுக்கும் உடோணும். குடுங்க."

அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கன்னையன் பெரியப்பா வரப்பை விட்டு இறங்கி வந்து அவர் தோளைத் தட்டினார்.

"உடு மாரப்பா. நீயும் ஒரு நாளைக்குச் சொந்தமா ஒண்ணு வாங்காமயா போயிருவ."