ஆளுக்கொரு கோளாறு

"அத்தை, இன்னும் கொஞ்சம் இடது பக்கம். கதவை ஒட்டி உட்காருங்க. ஆங், அதேதான். இனி அசையாதீங்க."

வண்டியின் கடைசி வரிசையில் மாமியாரைப் பொருத்தி முடித்த மேனேஜர், பின்கதவை ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை.

"மூச்சு விடலாமா மாப்பிள்ளை?"

"விடுங்க. நிதானமா."

மேனேஜர் என்றால் மரச்சாமான் கடை மேனேஜர். அவருடையது ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி. மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. "ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாத்துங்க, இந்த மாதிரி வண்டி நம்மளையே அனுப்பி வச்சிட்டுத்தான் போகும்" என்று நாற்காலி வாங்க வந்தவர்களிடம்கூடச் சொல்வார். அதில் பொய்யில்லை. இன்ஜின் கல்லு மாதிரிதான் இருந்தது. அதைச் சுற்றி இருந்த சாமான்கள்தான் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றுவிட்டன.

குடும்பத்தில் யாரும் அவற்றைக் கோளாறு என்று சொல்வதில்லை. ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டாயிற்று. மாமியார் மூலையில் உட்கார்ந்தால் பின்கதவு கடகடக்காது. நடு வரிசைக் கண்ணாடி தானாக இறங்கிவிடும். மனைவி விரலால் பிடித்துக்கொள்வாள். முன்னால் சாமான் வைக்கும் டப்பாவின் மூடி தொங்கிவிடும்; இடது சீட்டில் உட்காருபவர் முழங்காலால் அழுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது கியருக்கு மாற்றும்போது வண்டி உறுமும். அதற்கு மட்டும் வழி கிடைக்காமல் இருந்தது. அன்று காலையில் அந்தப் பொறுப்பை மச்சினன் ஏற்றுக்கொண்டான்.

"உறுமுற நேரத்துல நான் இருமிடறேன் மாமா. யாருக்கும் தெரியாது."

இத்தனை ஏற்பாடும் வண்டியை விற்பதற்காக. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். மறுநாள் காலையில் ஷோரூமிலிருந்து மனைவியின் சின்னச் சிவப்புக் கார் வருகிறது. பழையது போனால்தான் புதியது உள்ளே வரலாம். "நாளைக்கு எடுக்கலைன்னா வரிசையில அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவோம்மா" என்று ஷோரூம்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரிந்ததுமே, விசாரித்தவர்கள் எல்லாம் போனை வைத்துவிட்டார்கள். ஒரே ஒருவர்தான், "அவ்வளவு ஓடியிருக்கா? ரொம்ப சந்தோஷம். நேர்லயே வந்து பார்க்கிறேன்" என்றார். பள்ளிக்கூடம் நடத்துகிறாராம். பசங்களுக்காகத் தேடுகிறாராம். பக்குவமான மனிதர் என்று மேனேஜர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

பள்ளிக்கூடக்காரர் சொன்ன நேரத்துக்கு ஒரு வேனில் வந்து இறங்கினார். ஒல்லியான, மரியாதையான மனிதர். அவருடைய டிரைவர் இறங்கி வாசல் நிழலில் நின்றுகொண்டார்.

"குடும்பமே வர்றாங்களா?" என்றார் வண்டிக்குள் எட்டிப் பார்த்து.

"குடும்ப வண்டி சார். இது தனியாப் போனா அத்தைக்கு மனசு கேக்காது."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்குன்னு ஒண்ணும் தெரியாது. நிர்வாகம் மட்டும்தான் பார்க்கிறேன். அதனால ஏதாவது கோளாறு இருந்தா ஒளிக்காமச் சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"கோளாறா? இதுலயா?" என்று சிரித்தபடி மேனேஜர் இடது சீட்டில் ஏறி முழங்காலை டப்பா மூடிமேல் ஊன்றினார். பள்ளிக்கூடக்காரரின் முகம் லேசாக வாடியது. சந்தேகப்படுகிறார் என்று மேனேஜருக்குத் தோன்றியது. இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது கியர். மூன்றாவதுக்குக் கை போனதும் பின்னாலிருந்து, "லொக், லொக், லொக்" என்று ஒரு இருமல் புறப்பட்டது. உறுமல் அதில் அமுங்கிப்போனது.

"தம்பிக்கு உடம்பு சரியில்லையா?"

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் சார். மூணாவது கியர்... மூணாவது மாடி ஏறினாலே இருமுவான்."

"அடப்பாவமே" என்று பள்ளிக்கூடக்காரர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். "தம்பிக்குக் காத்து வரட்டும். அந்தக் கண்ணாடியை இறக்குங்கம்மா."

மனைவி விரலை எடுத்தாள். கண்ணாடி தொபுக்கென்று உள்ளே போய்விட்டது.

"நல்ல வேகமா இறங்குதே" என்றார் அவர், ஏதோ நம்பிக்கை வந்தவர்போல. "இப்ப ஏத்துங்க பார்ப்போம்."

மனைவி இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியைப் பிடித்து, மாவு பிசைகிற பலத்தோடு மேலே இழுத்தாள்.

"ஏம்மா, பட்டன் வேலை செய்யலையா?" அவர் குரலில் ஆவலே தெரிந்தது.

"பட்டன் அருமையா வேலை செய்யுது சார்" என்று மேனேஜர் முந்திக்கொண்டார். "இவளுக்குத் தோள்பட்டை வலி. கையை மேல தூக்கித் தூக்கிப் பழகச் சொல்லியிருக்காரு டாக்டர்."

"ஓ" என்றார் பள்ளிக்கூடக்காரர். மறுபடியும் முகம் விழுந்துவிட்டது. மனைவிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடியைப் பிடித்தபடி இருந்தாள்.

கடைவீதியில் நெரிசல். நிற்பதும் போவதுமாக வண்டி மூன்றாவது கியரைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. ஒவ்வொரு தடவையும் இருமி இருமி மச்சினனுக்கு நிஜமாகவே தொண்டை புண்ணாகி, கண்ணில் தண்ணீர் கொட்டி, வண்டி நின்றிருந்தபோதும் இருமல் நிற்காமல் போய்விட்டது.

"இதுக்கு மேல பார்த்துக்கிட்டு இருக்க முடியாது" என்று பள்ளிக்கூடக்காரர் ஒரு மருந்துக்கடை முன்னால் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தார்.

சூடான இன்ஜினை அணைத்துவிட்டால் நன்றாக ஆறுகிற வரையில் அது மறுபடி கிளம்பாது. இந்தக் கோளாறை மட்டும் யாருக்கும் பங்கு பிரிக்கவில்லை. அணைக்காமல் இருப்பதே அதற்கு வைத்தியம் என்று விட்டுவிட்டார்கள்.

மருந்து வாங்கித் தந்துவிட்டு அவர் மறுபடி ஏறி உட்கார்ந்தார். சாவியை நோக்கிக் கை போனது.

"சார், எனக்கு முட்டி ஆபரேஷன் பண்ணாங்களே, அது உங்களுக்குத் தெரியாதே" என்றார் மாமியார் கடைசி வரிசையிலிருந்து.

அவர் மரியாதைக்காரர். கையை எடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். மாமியார் முதல் ஸ்கேனிலிருந்து ஆரம்பித்தார். அந்தக் கதையை நடுவில் வெட்டியே பழக்கப்பட்ட குடும்பம் அன்றைக்கு முதல் முறையாக, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டது. மாமியார் வலது முட்டி முடிந்ததும் கேட்காமலே இடது முட்டிக்கும் போனார்.

மனைவி கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்படி மச்சினனுக்கு ஜாடை காட்டிவிட்டு, தண்ணீர் வாங்குகிற சாக்கில் இறங்கிக் கணவரை ஓரமாக இழுத்தாள்.

"சொல்லிடலாங்க. பசங்க ஏறப்போற வண்டி. எனக்கு மனசு உறுத்துது."

"பிரேக் புதுசு, டயர் புதுசு. கடகடன்னு சத்தம் வந்தா பசங்களுக்கு என்ன ஆயிடப் போகுது? நாளைக்கு உன் வண்டி வரணுமா, வேண்டாமா?"

வரவேண்டும். அதை அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். இத்தனை வருஷமாக எங்கே போனாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே போய், விரல் மரத்து இறங்கியிருக்கிறாள். கல்லூரிப் பெண்களோடு வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கினாள். ஒரு தடவையாவது யாரையும் கேட்காமல் தானே ஓட்டிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு ஏறினாள்.

இடது முட்டிக்குத் தையல் பிரித்து முடித்ததும் பள்ளிக்கூடக்காரர் சாவியைத் திருகினார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரே திருகல். வண்டி கிளம்பிவிட்டது.

"சூட்டோட அணைச்சும் ஒரே தடவையில கிளம்பிடுச்சே" என்றார் அவர், சாவுச் செய்தி சொல்கிற குரலில்.

இன்னும் சந்தேகம் தீரவில்லையா இந்த மனிதருக்கு என்று மேனேஜர் நொந்துபோனார். திரும்பி வருகிற வழியெல்லாம் விடாமல் பேசினார்.

"விளக்கு வச்சுத் தேடினாலும் இதுல ஒரு குறை கிடைக்காது சார்."

"ஒரு சின்னக் குறைகூடவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"எங்க அத்தை மேல சத்தியம்."

"என்னை ஏன் மாப்பிள்ளை இழுக்கிறீங்க?" என்றார் அத்தை, அசையாமல்.

"மெக்கானிக் எங்களைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறான் சார். அந்தப் பக்கம் போயே வருஷக்கணக்காச்சு." இதுவும் பொய்யில்லை. இந்த வண்டியை இனிமேல் என்னிடம் கொண்டுவராதீர்கள் என்று மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருந்தான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடக்காரர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெருமூச்சு விட்டார்.

"அருமையான வண்டி. நல்லா வச்சிருக்கீங்க. ஆனா எங்களுக்குச் சரிப்படாது. மன்னிச்சுக்குங்க."

அவர் நாலடி தள்ளிப்போய்ப் போனில் பேசியது தெளிவாகக் கேட்டது.

"இது சரி வரலை. அந்த ஸ்டார்ட்டே ஆகாத வண்டி இருக்குல்ல, அதையே எடுத்துக்குங்க. ஆமா, இப்பவே முடிச்சிடுங்க. கட்டி இழுத்துக்கிட்டு வந்துடுங்க."

மனைவி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. என் வண்டி நாளைக்கு வேற யாரு வீட்டுக்கோ போகப்போகுது" என்று சொல்லிவிட்டு அழுதாள். மச்சினன் ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தான், இருமல்தான் வந்தது.

மேனேஜருக்குத் தாங்கவில்லை. வேனைத் திருப்பிக்கொண்டிருந்த டிரைவரிடம் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க சாருக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஒரு கோளாறும் இல்லாத வண்டியை வேண்டாம்னுட்டு, ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் போய் வாங்குறாரே. அதை வச்சுப் பசங்களை எப்படிக் கூட்டிக்கிட்டுப் போவாரு?"

டிரைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கூட்டிக்கிட்டுப் போறதுக்கு இந்த வேன் இருக்கு சார். எங்களுது மெக்கானிக் வேலை கத்துக்கொடுக்கிற பள்ளிக்கூடம், ஒரு கோளாறும் இல்லாத வண்டியை வச்சுக்கிட்டுப் பசங்களுக்கு எதைச் சொல்லித் தர்றது?"