அசையாத கண்ணாடி

தொண்ணூற்றைந்தாம் வருஷம் கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீர்மேல் சறுக்கும் ஆசை வந்தது. குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்டவர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆசையை முறைப்படுத்த வேண்டும் அல்லவா? சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாடியில் நீர்ச்சறுக்கு வளர்ச்சி அலுவலகம் உதயமாயிற்று. உடுமலைப்பேட்டைக்கு அந்தப்புறம் ஓர் ஏரி, ஒரு மோட்டார் படகு, உதவிப் பொறியாளர் லட்சுமணசாமி ஆகியவை அதன் உடைமைகள்.

வெள்ளோட்டத்திலேயே வினை. கல்லூரி மாணவி சித்திகா காலில் பலகை மாட்டி, படகின் கயிற்றைப் பிடித்துச் சறுக்கினாள். நடு ஏரியில் விழுந்தாள். படகோட்டி ராமுலு வெறுங்கயிற்றை அக்கரைவரை கம்பீரமாக இழுத்துப் போனான். நீந்திக் கரையேறியவள் லட்சுமணசாமியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க சார், ஆளு உழுந்ததுகூடத் தெரியாமயா போறது?"

"முன்னால பாக்கறதுக்குத்தானுங்க அம்மணி எனக்குச் சம்பளம்" என்றான், அதற்குள் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்ட ராமுலு.

லட்சுமணசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் முங்கிப்போயிருந்தால்? மறுநாளே பின்பக்கம் காட்டும் கண்ணாடி ஒன்று வாங்கிவந்தார். அதைப் படகில் எப்படி மாட்டுவது என்று முடிவுசெய்ய, இயக்குநர் அரங்கசாமி ஆலோசனைக் கூட்டம் போட்டார்.

"ஓட்டை போட்டு போல்ட் முடுக்கிரலாங்க சார்" என்றார் லட்சுமணசாமி.

"அரசுப் படகுல ஓட்டையா? பொதுச் சொத்துக்குச் சேதமில்லீங்களா!"

"அப்ப ரப்பர் கப்புங்க. அழுத்துனா ஒட்டிக்கும்."

"ஒட்டறது தற்காலிகம். நிரந்தரப் படகுல தற்காலிகத்தை எப்படிச் சேக்கறது?"

"கிளாம்பு போட்டுத் திருகிப்போடலாங்க."

"திருகுனா கழட்டலாம். கழட்டுனா களவு போகும்." அரங்கசாமி தொண்டையைச் செருமினார். "மாட்டுன கண்ணாடி அசையக்கூடாதுங்க. படகே அசையுது. அப்பப் படகுல மாட்டறதே தப்பு. ஏரியில அசையாதது எது?"

"கரைங்க" என்றார் ஒருவர்.

கூட்டம் கைதட்டியது. லட்சுமணசாமியும் தட்டினார், தட்டாதவரிடம் விளக்கம் கேட்பார்கள்.

கரையில் கான்கிரீட் தூண் எழுந்தது. தூரத்திலிருந்து தெரிய வேண்டுமென்று கண்ணாடியும் ஆளுயரத்துக்கு வளர்ந்தது. ராமுலு ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்த்துத் தன் பின்புறத்தை அறிந்துகொள்ள வேண்டுமென உத்தரவாயிற்று.

"இனிப் பயமில்லீங்க அம்மணி, கண்ணாடி வந்திருச்சு" என்று லட்சுமணசாமியே சித்திகாவைக் கெஞ்சி அழைத்துவந்தார்.

திறப்பு விழாவுக்குச் சோமனூரிலிருந்துகூடச் சனம் வந்தது. ஏரிக்காற்று எல்லார் தலையையும் கலைத்திருந்தது. பத்திரிகைக்காரர் வேறு போட்டோ எடுக்க வந்திருந்தார். அரங்கசாமி பொன்னாடையைச் சரிசெய்யக் கண்ணாடி முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. சித்திகாவை இழுத்துக்கொண்டு கிளம்பிய ராமுலு படகிலிருந்து பார்த்தபோது கண்ணாடி தெரியவில்லை, முதுகுகள்தான் தெரிந்தன.

லட்சுமணசாமியின் முறை வந்தது. காலரை இழுத்துவிட்டார். கண்ணாடியில், தன் காதுக்குப் பக்கத்தில், ஏரி நடுவே ஒரு கரும்புள்ளி தத்தளிப்பதைக் கண்டார். அழுக்கு என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார்.

சற்று நேரத்தில் அந்த அழுக்கு சொட்டச்சொட்டக் கரையேறி வந்தது.

"நான் உழுந்ததை ஒருத்தருமே பாக்கலீங்களா?" என்று சித்திகா கத்தினாள்.

லட்சுமணசாமி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் செருகினார். கையில் சீப்போடு நின்ற பெண்மணிதான் பதில் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, குறுக்க பூந்து வராதீங்க. வரிசையில வாங்க."

சித்திகா அவரை முறைத்தாள். லட்சுமணசாமியை முறைத்தாள். பிறகு பத்திரிகைக்காரரின் கேமரா தன் பக்கம் திரும்புவதைப் பார்த்தாள். முகத்தில் ஒட்டிய ஈரமுடியை ஒதுக்கிக்கொண்டே போய், வரிசையின் கடைசியில் நின்றாள்.