மகளின் உள்ளங்கைக்கு எதிராக ஒரு மனு

பெற்ற மகள் மீதே மனு எழுதிக் கொடுத்த தகப்பன் செஞ்சி வட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தாலுகா ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக மனுக்களைப் படித்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். அண்ணன் மேல் தம்பி, மாமியார் மேல் மருமகள், பக்கத்து வீட்டு முருங்கை மரத்தின் மேல் ஓய்வுபெற்ற வாத்தியார் என்று எத்தனையோ வந்திருக்கின்றன. இப்படி ஒன்று வந்ததில்லை.

மகள் பெயர் யாழினி. பிளஸ் ஒன் படிக்கும்போது ரக்பி ஆடப் போனாள். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரணி ஓடிவந்து கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்கும். அதுதான் ஆட்டம். (அவள் சைக்கிள் பழகியபோது கூடவே ஓடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவன் நான். அவள் விழவே இல்லை.)

"ஆடட்டும் வுடுங்க" என்றாள் என் மனைவி செல்வி. விட்டேன். விட்டேன் என்றால், தினமும் ஆபீஸ் முடிந்ததும் மைதானத்து வேலியோரம் போய் நின்றுகொண்டேன்.

பயிற்சி கொடுத்தவர் பள்ளியின் பி.டி. மேடம். அணித் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அவர் ஒரு உத்தி சொல்லிக்கொடுத்தார். பந்து ஒரு கையில். பிடிக்க வருகிறவள் கிட்டே வந்ததும், மறு கையை விரித்து அவள் மார்பில் வைத்து ஒரே தள்ளு. யாழினி தள்ளினாள். எதிரே வந்த பெண் மல்லாந்து விழுந்தாள். மேடம் கை தட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? ஆட்டத்தில் இப்படிச் செய்து, நடுவர் இவளை வெளியே அனுப்பிவிட்டால்?

அன்றே போனில் ரக்பி விதிகளைத் தேடிப் பிடித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. (அரசாணையையே புரிந்துகொள்கிறவனுக்கு இது எம்மாத்திரம்.) எதிராளியைக் கையால் அடிக்கக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது.

"பாத்தியா செல்வி, உன் பொண்ணு பண்றது குத்தம்."

"மேடத்துக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா? அவங்களயே ஒரு வார்த்த கேளுங்களேன்."

கேட்டிருக்கலாம். ஆனால் வாயால் கேட்பது எங்கள் ஆபீஸ் வழக்கமில்லை. எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதினேன். பெறுநர்: ஆட்ட நடுவர் அவர்கள். பொருள்: கையை விரித்துத் தள்ளும் உத்தி விதிப்படி செல்லுமா எனத் தெளிவுரை வேண்டுதல். கடைசிப் பத்தியில், 'மேற்படி யாழினி என்பவர் என் மகளாவார் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' இணைப்பு: விதியின் நகல் ஒன்று.

தேர்வு ஆட்டம் செஞ்சியிலேயே, ஒரு சனிக்கிழமை காலையில். அதைப் பார்த்துத்தான் மாநில முகாமுக்கு இரண்டு பெண்களை எடுப்பார்கள். யாழினி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ராஜகிரி மலை மேல் வெயில் ஏறுவதற்குள் ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் மூன்று பேரைத் தள்ளிவிட்டு ஓடினாள். இடைவேளையில் நான் நேராக நடுவரிடம் போய் மனுவை நீட்டினேன். நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் கேட்டேன்.

நடுவர் என் வயதில் பாதி இருக்கும் ஒரு பெண். மனுவை ஒருமுறை மனதுக்குள் படித்தார். நம்ப முடியாமல் இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார்.

"யாழினி யாரு?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த யாழினி கையைத் தூக்கினாள்.

"இவரு?"

"எங்க நைனா."

எதிரணி சிரித்தது. பிறகு எங்கள் அணியும் சிரித்தது. இரண்டாவதுதான் வலித்தது.

"சார், பந்து வெச்சிருக்கறவங்க கைய விரிச்சித் தள்ளலாம். குத்தக் கூடாது, முழங்கையால இடிக்கக் கூடாது, அளவுக்கு மீறி பலம் காட்டக் கூடாது. எல்லாம் அதே விதியில கீழயே இருக்குது. அடுத்த பக்கம் பாக்கலையா?"

பார்க்கவில்லை. அடுத்த பக்கம் பார்க்காமல் வந்த எத்தனை பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"அளவு மீறுதான்னு யாரு மேடம் பாப்பாங்க?"

"அதுக்குத்தான் சார் என்னைக் கூப்ட்டிருக்காங்க. கோட்டுக்கு அந்தாண்ட போயி நில்லுங்க."

இரண்டாவது பாதியில் யாழினி கையை நீட்டவே இல்லை. பந்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஓடினாள். பிடித்தார்கள், விழுந்தாள். எழுந்தாள், ஓடினாள், விழுந்தாள். நான்காவது முறை எழுந்தபோது உதட்டில் ரத்தம். தேர்வாளர்கள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்கள். அவளுக்கும் தரைக்கும் நடுவே இருந்த ஒரே தடுப்பு அந்தக் கைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பி.டி. மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். "விதிப்படி சரிதான்னு தெரிஞ்சும் தள்ள மாட்டேங்குது சார். ஏன்மான்னு கேட்டா, 'நைனா பயப்படறாரு மேடம்'ங்குது."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த நொடி நான் மைதானத்துக்குள் இரண்டடி போயிருந்தேன். ஆபீசில் ஒருநாளும் உயராத என் குரல் எங்கிருந்தோ கிளம்பியது. "யாழி, மனுவ வாபஸ் வாங்கிட்டேம்மா. தள்ளு."

நடுவர் ஓடிக்கொண்டே திரும்பினார். "அதயும் எழுத்துல குடுங்க சார். மொதல்ல வெளிய போங்க."

யாழினி சிரித்ததைப் பார்த்தேன், ரத்த உதட்டோடு. அடுத்து பந்து கைக்கு வந்ததும் ஓடினாள். எதிரே வந்தவள் மேல் உள்ளங்கையை வைத்தாள், தள்ளினாள், எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தோடு விழுந்தாள், எங்களுக்குப் புள்ளி கிடைத்தது. தள்ளப்பட்ட பெண் தானாகவே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, அடுத்த முறை இவளை இடுப்போடு சாய்த்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். சாயங்காலம் பட்டியல் வந்தபோது யாழினி பெயர் அந்த இரண்டில் இல்லை. கீழே, மாற்று ஆட்டக்காரர் என்று மூன்றாவதாக இருந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்த இடைவேளையில் நான் மனு கொடுக்காமல் இருந்திருந்தால் என்று நானேதான் இன்றுவரை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவளோ மாற்று ஆட்டக்காரராகவே சந்தோஷமாக முகாமுக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிடப் போனவன் படியில் நின்றபடி அறிவுரை சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்டக்டர் இரண்டு முறை விசில் கொடுத்தார். யாழினி கையை விரித்து என் மார்பில் வைத்து மெல்லத் தள்ளிக் கீழே இறக்கினாள்.

"அளவா இருந்துச்சா நைனா?"

இப்போது எங்கள் வீட்டில் அதுதான் நடைமுறை. நான் எதற்காவது பதறி வழியை மறித்து நின்றால் யாரும் பதில் பேசுவதில்லை. உள்ளங்கையை வைத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, அளவா இருந்ததா என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். செல்வி தள்ளியதும் கையை எடுத்துவிடுவாள், அவளுக்கு அடுப்பில் வேலை இருக்கும். யாழினி மட்டும் கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருப்பாள், என் படபடப்பு அடங்கும்வரை.