வேப்பமரத்தில் அமெரிக்கப் பலகை

கிண்ணியா.

அன்புள்ள மருமகன் றிஸ்கானுக்கு மாமா கலீலுர் றஹ்மான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மாமியும் சுகம். மாமியின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை அவவே தொலைபேசியில் விரிவாகச் சொல்லுவா. விடுமுறைக்கு நீங்கள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மகள் அம்ராவும் சுகம். சுகமில்லாதது என் மானம்தான்.

சுதந்திர யுத்தத்தோடு தொடர்புள்ள ஓர் இடத்தில், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து வரவேண்டும் என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருக்கிறாராம். "எங்கட யுத்தம், மூத்தவாப்பா" என்றாள். எங்கட என்றால் அமெரிக்காவுடையது. பேத்தி கைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். ஆனாலும் வாசிகசாலையில் விசாரித்தேன். 1782இல் அமெரிக்காவின் பக்கம் நின்ற பிரான்சுக்காரர் நமது கடலில்தான் இங்கிலீசுக்காரரோடு மோதினார்களாம். உடனே திருகோணமலைக்கு, பிரெடறிக் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். மான்களைப் பார்த்தோம், அமெரிக்கா என்ற சொல்லை எங்கும் பார்க்கவில்லை. ஒஸ்டன்பேர்க் கோட்டையோ கடற்படை முகாமுக்குள், வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். பிள்ளையின் முகம் வாடிப்போனது. பலகைதானே வேண்டும் என்று, '1782இல் அமெரிக்கச் சுதந்திர யுத்தம் நடந்த கடல்' என நானே ஒன்று எழுதுவித்து, நம் வீட்டு வாசல் வேப்பமரத்தில் கடலைக் காட்டி அடித்துவிட்டேன். எழுதியவன் 'அமெரிக்க' என்பதைச் சிவப்பில் பெரிதாகவும் மற்றதையெல்லாம் எறும்பளவிலும் எழுதியிருந்தான்.

நம் ஆட்களை உங்களுக்குத் தெரியும், துறைமுகத்தை எந்த வெளிநாட்டுக்காரன் பிடிக்கப் போகிறான் என்று பிறந்ததிலிருந்து காத்திருப்பவர்கள். முதலில் பக்கத்து வீட்டு அசனா வந்தார். "காக்கா, காணிய அமெரிக்காக்காரனுக்குக் குடுத்திட்டீங்களாம், எங்கட கிணத்தையும் எடுப்பாங்களா?" பிறகு பக்கத்துத் தெரு றிப்தி, வரப்போகும் அமெரிக்க முகாமில் டிரைவர் வேலை கேட்டு. பிறகு காணித் தரகர், பிறகு எதிர்ப்புக் கோஷத்தோடு பொடியன்மார், கடைசியில் இரண்டு பொலிஸ்காரர். அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சின்ன எழுத்தையும் வாசித்தார்கள். "1782ஆ? அப்ப முறைப்பாடு எடுக்க ஏலாது" என்று போய்விட்டார்கள்.

சனம் கலைந்த பிறகு அம்ரா கேட்டாள்: "அந்தச் சண்டையில நாம எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கத்துக்கும் மீன் வித்திருப்பம் மகள்."

"இஞ்ச நடந்த மத்தச் சண்டைக்குப் பலகை எங்க?"

அவள் கேட்டது நம் நாட்டுப் போரை. அதையும் சுதந்திரத்துக்கான யுத்தம் என்றுதான் சொன்னார்கள், எங்களிடம் யாரும் கேட்கவில்லை. 2006இல் மூதூரை விட்டு ஓடிவந்து, உங்கள் மனைவி ஷாமிலா பள்ளிக்கூடப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தது இந்த வேப்பமரத்தடியில்தான் என்றேன். அதற்காகவே பிறகு இந்தக் காணியை வாங்கினேன் என்றும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

ஆகவே பலகையைக் கழற்றி விறகாக்கப் போகிறேன். இனி எந்த யுத்தத்துக்கும் என் மரத்தில் இடமில்லை. திருகோணமலையில் அப்படி ஓர் இடமே இல்லையென்று ஆசிரியைக்கு எழுதிவிடுங்கள். உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும் நிம்மதியான தூக்கத்தையும் அல்லாஹ் தரட்டும்.

இப்படிக்கு,
மாமா.

பி.கு.: ஆசிரியைக்கு ஒன்றும் எழுத வேண்டாம், படம் அனுப்பியிருக்கிறேன். பலகை மரத்தில்தான் இருக்கிறது. அம்ரா அதைத் திருப்பி அடித்து, பின்பக்கத்தில் தன் கோணல் எழுத்தில் 'யுத்தத்துக்குப் பயந்து வந்து என்ட உம்மா இஞ்சதான் படுத்தா' என்று எழுதியிருக்கிறாள். இன்று காலையில் அசனா ஒரு பலகைத் துண்டோடு வந்தார். யுத்தத்தில் காணாமல் போன தன் மகன் கடைசியாக நின்ற சந்திக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னார். அம்ரா எழுதிக்கொண்டிருக்கிறாள்.