நெய்யில் கரைந்த பச்சை

"ஏண்டி, கஞ்சிக்கு எவளாச்சும் மஞ்சத்தூள் போடுவாளா?"

ஜக்கையன் கும்பாவைத் தள்ளிவைத்தான். அடுப்படியிலிருந்து அய்யம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளைவெளேர்னு இருக்கு. உங்க கண்ணுல என்ன கோளாறு?"

சுவரைப் பார்த்தான், மஞ்சள். கட்டியிருந்த வெள்ளை வேட்டியும் மஞ்சள். பெண்டாட்டி முகத்தைப் பார்த்து மட்டும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை, அவள் அப்போதுதான் மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் அவனுடைய சோலியே நிறம் பார்ப்பதுதான். மலையிலிருந்து இறங்கும் கூடைகளில் எது பச்சைக் காய், எது வெளிறிய மஞ்சள் என்று சொல்ல வேண்டும். முதலாளிக்குப் பார்வை மங்கிப் பல காலமாயிற்று, ஜக்கையன் சொன்னதுதான் அங்கே சட்டம். ஆனால் போன வாரம் ஒரு கூடை மாறி, மதுரைக்குப் போன சரக்கு திரும்பி வந்துவிட்டது. "இன்னொருக்க தப்புச்சுன்னா, மலையில மூட்டை தூக்கப் போயிரு" என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

"எல்லாம் சூடுங்க. நெய்ய உருக்கிக் குடிச்சா கண்ணு குளுந்துரும்" என்று அய்யம்மாள் ஒரு கரண்டி கொடுத்தாள். மனசு கேட்காமல் இன்னொன்றும் கொடுத்தாள். பாசக்காரி!

கொஞ்ச நேரத்தில் நீல வானம் பச்சையாகிவிட்டது. பச்சையாக இருக்க வேண்டிய வேப்பமரம் மஞ்சளாக நின்றது.

ஓட்டமாய் ஓடிக் கம்பவுண்டர் வீரையாவிடம் போய் நின்றான். முந்தின நாள் சாயங்காலம் வயிற்றுப் பூச்சிக்கு வெள்ளைப் பொடி கொடுத்தவர் அவர்தான்.

"பொடியத் தின்னுட்டு என்னய்யா சாப்பிட்ட?"

"கெடாவெட்டுங்கய்யா. சாமி காரியம், வேண்டாம்னா கோவிச்சுக்கிருவாக. கொஞ்சம் கறி, ரெண்டு துண்டு கொழுப்பு... நாலு துண்டு."

"இன்னிக்கு?"

"நெய்யி. ரெண்டே கரண்டி."

வீரையா தலையில் அடித்துக்கொண்டார். "கொழுப்பத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அந்தப் பொடி தண்ணியில கரையாது, கொழுப்புலதேன் கரையும். நீ கஞ்சியோட நிறுத்தியிருந்தா அது குடல்லயே இருந்து பூச்சியக் கவனிச்சிருக்கும். நீ கறியும் நெய்யுமா ஊத்தி ஒடம்பு முழுக்க ஏத்திவிட்டுட்ட. அதேன் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியுது. நாளைக்குத் தெளிஞ்சிரும், போ."

"நாளைக்கா? உச்சிக்குள்ள வண்டி பூட்டணுமேய்யா!"

கிட்டங்கியில் முதல் கூடையிலிருந்து ஒரு கை அள்ளினான். "மஞ்சள்" என்றான். அடுத்ததும் மஞ்சள். அதற்கடுத்ததும் மஞ்சள்.

"எந்தா இது! நான் கொண்டாந்தது ஏலமா, மஞ்சக்கெழங்கா?" என்று மலைக்காரர் குதித்தார்.

பயந்துபோன ஜக்கையன், மிச்சக் கூடைகளையெல்லாம் பச்சை என்றான்.

"வெளையாடுறியா? மொதல்லேருந்து பாரு!" என்று முதலாளி எழுந்துவிட்டார்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பேச்சியின் பக்கம் குனிந்தான்.

"ஆத்தா பேச்சி, என் பொழப்பு ஒன் கையில இருக்கு. இன்னிக்கு என் கண்ணு சரியில்ல. நான் காய அள்ளுறப்ப, மஞ்சள்னா இருமு. பச்சைன்னா சும்மா இரு."

பேச்சி திருதிருவென்று விழித்தாள். "நானா?"

"ஒன்ன விட்டா எனக்கு ஆரு இருக்கா?"

பாவம், தலையாட்டினாள்.

அப்புறம் வேலை பறந்தது! அள்ளுவான், காதைத் தீட்டிக்கொள்வான். இருமல் கேட்டால் மஞ்சள், கேட்காவிட்டால் பச்சை. அவன் சடசடவென்று சொன்ன வேகத்தில் மலைக்காரரே குதிப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதாண்டா நெதானம்!" என்று முதலாளி முதுகில் தட்டினார்.

உச்சிப்பொழுதுக்குள் மூட்டைகளைத் தைத்து ஏற்றியாயிற்று. வண்டிகள் மதுரைப் பாதையில் திரும்பி மறைந்தன. ஜக்கையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேச்சியின் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஒன் கண்ணுக்குக் கோயிலே கட்டலாம் தாயி!"

"நீங்க வேறண்ணே! கம்பவுண்டரு எனக்கும் அதே பொடியத்தேன் குடுத்தாரு, ராத்திரி கெடாக்கறியத் தின்னதுலேருந்து எனக்கும் எல்லாம் மஞ்சளாத்தேன் தெரியுது. நீங்க மூஞ்சியச் சுழிச்சப்பெல்லாம் இருமிவச்சேன்."