எண்ணெய் மிதந்த ஒயின்

அன்புள்ள மச்சான் அடெல்மோவுக்கு,

நெவியோ எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா லோரெட்டாவும் சௌக்கியம். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மீறி உன் இடுப்பெலும்பு சீக்கிரம் கூடி வர வேண்டும்.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறது. சுற்றுலாக் குழுவைக் கூட்டி வரும் ஓர்னெல்லா அடுத்த வருஷமும் நம் நிலவறைக்கு வருவதாகச் சொன்னால் திராட்சைத் தோட்டம் நமக்கு. இல்லாவிட்டால் விற்பனைப் பத்திரத்தை நான் அனுப்ப, நீ கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தொரு வருஷம் தபால்காரனாக இருந்தவன் நான். அனுப்புகிறேன் என்றால் அனுப்புவேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். சந்தை நாள் என்பதால் பஸ் ஊருக்குள் நுழைய முடியவில்லை. மேடேறி நடந்து போனால் கோயில் பூட்டியிருக்கிறது, பாதிரியார் மதியத் தூக்கத்தில். சுவரோவியம் பார்க்க வந்தவர்கள் கதவைப் பார்த்துவிட்டு நம் நிலவறைக்கு வந்தார்கள். நீ எடுத்துவைத்த நல்ல பாட்டில்கள் அலமாரிக்குள், அலமாரிச் சாவி உன் கால்சட்டைப் பையில், கால்சட்டை உன்னோடு ஆஸ்பத்திரியில். வேறு வழியில்லாமல் நாம் குடிக்கிற பெரிய குடுவையைச் சாய்த்தேன். காற்றுப் படாமலிருக்க ஒயின் மேல் விடுகிற ஆலிவ் எண்ணெயை முதலில் எடுக்க வேண்டும் என்பது பதற்றத்தில் மறந்தே போச்சு. பன்னிரண்டு கிளாஸிலும் தங்கக் காசு மாதிரி மிதக்குது!

ஒரு பெல்ஜியப் பெரியவர் மோந்து பார்த்து, "ஆலிவ் வாசனை வருதே, இது மண்ணோட குணமா?" என்றார்.

"ஆமாங்க, சரிவு முழுக்க ஆலிவ் மரம்தான்," என்றேன்.

ஓர்னெல்லா விவசாயி மகளாயிற்றே. "மாமா, எண்ணெய எடுக்கலியா?" என்று காதில் கேட்டாள். அதற்குள் ரொட்டியோடு இறங்கி வந்த உன் அக்கா, "அட மனுஷா! இத எவன் குடிப்பான்? கீரைல ஊத்தித்தான் சாப்பிடணும்!" என்று கத்தினாள். பெல்ஜியக்காரர் அமைதியாக ரொட்டியை ஒயினில் தோய்த்துச் சாப்பிட்டார்.

கிளாஸ்களை ஒருவழியாகத் துடைத்து, எண்ணெய் எடுத்து மறுபடி ஊற்றினேன். குடித்தார்கள், கும்பிடு போட்டுப் போனார்கள். அடுத்த வருஷத்தைப் பற்றி ஓர்னெல்லா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவுதான் மச்சான். அந்தச் சரிவில் இன்னொருவன் திராட்சை பறிப்பதைப் பார்க்க எனக்கு மனசில்லை. ஆனாலும் வாக்கு வாக்குதான். பத்திரம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போடு.

நீ நல்லபடியாக எழுந்து நடக்க எல்லாப் புனிதர்களும் துணையிருக்கட்டும்.

உன் அக்கா புருஷன்,
நெவியோ

பின்குறிப்பு: உறையில் பத்திரத்தைத் தேடாதே. கிளாஸ் துடைக்க அவசரத்துக்கு மேஜை மேலிருந்த காகிதம்தான் கிடைத்தது. நோட்டரி காகிதம் எண்ணெயை நன்றாக உறிஞ்சுகிறது. வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்காதே. இணைப்பில்லாத உறையை அனுப்புவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. ஒட்டப் போகும்போது ஓர்னெல்லா வந்தாள். "அடுத்த வருஷம் மே மாசம் இருபது பேரு வராங்க மாமா. எண்ணெயும் இருக்கட்டும், அத்தையோட திட்டும் இருக்கட்டும்," என்கிறாள். அலமாரிச் சாவியை மட்டும் அனுப்பாதே.